ஆவி வகுபடாது

"இதை யாரோ அஞ்சால வகுத்திருக்காங்க," என்றாள் ஆர்டிஸ், கிளாஸை மேசையில் வைத்துவிட்டு.

எதிரே உட்கார்ந்திருந்த வெர்ன் தன் கிளாஸை மோந்து பார்த்தார். "எதை? பியரையா, சொத்தையா?"

"குடிச்சுப் பாரேன்."

மாவட்டக் கண்காட்சியில் வீட்டுப் பியர் போட்டிக்கு அவர்கள் இருவர்தான் நடுவர்கள். பாட்டில்களில் பெயர் கிடையாது, எண் மட்டும். பக்கத்துக் கொட்டகையில் பன்றிக்குட்டிகளை ஏலம் விடுகிறவனின் குரல் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வெர்ன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "பல்லுல ஒட்டுது. பாகு மாதிரி."

"அஞ்சு கேலனுக்கு உண்டான அளவு இது. ஒரு கேலனாக் குறைச்சிருக்காங்க. தானியத்தை வகுத்தாச்சு, கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூவை வகுத்தாச்சு, தண்ணியையும் வகுத்தாச்சு. பானை மட்டும் அதே பெரிய பானை, அதே ஒரு மணி நேரக் கொதி. ஆவி பானையோட வாயைப் பாத்துத்தான் போகும் வெர்ன். உள்ளே எவ்வளவு கிடக்குன்னு பாக்காது. பாதி அப்படியே பறந்திருக்கும்."

"பாவம், கணக்கு வராத மனுஷன் போல."

ஆர்டிஸ் இன்னொரு வாய் குடித்தாள். அப்போதுதான் தித்திப்புக்குப் பின்னால் அது வந்தது. மெல்லிய ஒரு தீய்ந்த ருசி. ஏரியில் விளையும் காட்டரிசி, வாணலியில் கருகின ருசி.

அவள் கை கிளாஸிலேயே நின்றுவிட்டது.

ஒரு இலையுதிர் காலத்தில், அரிசியை அடுப்பில் வறுக்கப் போட்டுவிட்டு, அப்போது அவளோடு வாழ்ந்த லோவல் வெளியே பக்கத்து வீட்டுக்காரனோடு படகைப் பற்றிப் பேசப் போய்விட்டான். கருகின அரிசியைக் கொட்ட மனமில்லாமல் அவள் அதைப் பானையில் போட்டாள். அதுவரை அவர்கள் காய்ச்சியதில் அதுதான் உசத்தி. அதன்பிறகு வேண்டுமென்றே தீய்த்தார்கள். பெருக்கல் வகுத்தல் எல்லாம் அவள் பாடு. தீய்ப்பது மட்டும் அவன் பொறுப்பு. "எனக்குத் தெரிஞ்ச ஒரே சமையல்," என்பான்.

அந்தச் சூட்சுமத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவன் இன்னொருத்தியோடு போய்விட்டான். அவள் பெயரைக்கூட ஆர்டிஸ் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, பெரிய பானையை மட்டும் எடுத்துப் போயிருந்தான். அதிலிருந்து அவளும் காய்ச்சுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு கேலன், என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் யாரும் ஒரு கேலன் காய்ச்சமாட்டார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடியே சாப்பிட்டு முடித்து, ஒரே தட்டைக் கழுவி வைக்கிற ஆள் காய்ச்சுகிற அளவு அது. அவளுக்குத் தெரியும்.

அவன் தனியாக இருக்கிறான். சந்தோஷம்தான் முதலில் வந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது.

"மார்க்கைப் போட்டுட்டு அடுத்ததைத் திற," என்றார் வெர்ன்.

குறைந்த மார்க்தான் போட்டாள். கருத்து எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கிவிட்டு ஓடியது: 'அரிசி தீய்ந்த பதம் சரியாக இருக்கிறது. அளவைக் குறைக்க வேண்டாம். முழுசாக ஐந்து கேலன் காய்ச்சவும். கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் நடுவர் மேசைக்கு வரவும்.'

வெர்ன் எட்டிப் பார்த்தார். "என்னடி இது, கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி எழுதியிருக்கே?"

"உன் பக்கத்தைப் பாத்து நீ எழுது."

சாயங்காலம் பரிசுகளை அறிவித்த பிறகு, காய்ச்சினவர்கள் தங்கள் தாள்களை வாங்கிக்கொண்டு கிளம்பத் தொடங்கினார்கள். ஆர்டிஸ் துடைத்த கிளாஸையே மறுபடியும் துடைத்தாள். கொட்டகை வாசலில் உயரமாக யார் நுழைந்தாலும் அவள் முதுகு நிமிர்ந்தது. லோவல் கொஞ்சம் கூன் போட்டு நடப்பான். வயது அந்தக் கூனை இன்னும் கூட்டியிருக்கும். முதல் வார்த்தையாக என்ன சொல்வது? 'பானை எப்படி இருக்கு' என்று கேட்கலாம். அது போதும்.

"ஏங்க, வரச் சொல்லி எழுதியிருந்தது நீங்களா?"

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் தாளைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். ஆர்டிஸ் அவள் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"இந்த பாட்டில்... உங்களுதா?"

"ஆமா. மொத தடவை. மார்க் அடிமட்டம், தெரியும்."

"அரிசியைத் தீய்க்கணும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"என்கூட இருந்தவர். லோவல்னு பேரு." அவள் தாளைப் பிரித்து, எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "வசந்தத்துல ஒருநாள் கிளம்பிப் போயிட்டார், பானையை மட்டும் விட்டுட்டு. அந்த ருசி என்னை விடலை, அதான் அவர் போடற அளவை அஞ்சால வகுத்துப் பாத்தேன். நீங்க அஞ்சு கேலனும் காய்ச்சச் சொல்றீங்க. நான் ஒருத்தி, மிச்சம் நாலையும் யாருங்க குடிக்கிறது?"