எட்டு வரிகள்

பல்கலைக்கழக நூலகத்தில் ஹாஷிம் நானாவின் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள். முதலாவதில் நான் இருந்தேன்.

அதற்காகத் தெல்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தேன்.

எட்டேகாலுக்குச் சர்மிளாக்கா வந்து இரண்டாவதில் உட்கார்ந்தார். கண்டி டவுனில் வீடு. தலைமுடியில் இன்னும் ஈரம் இருந்தது.

"விடியவே வந்துட்டியா? சாப்பிட்டியாடி?" என்று பிஸ்கட் பக்கெட்டை நீட்டினார்.

வேண்டாம் என்றேன்.

பட்டப்பின் ஆய்வு செய்பவர்களுக்கு நூலகம் செய்து தரும் உதவிகளில் இது கடைசி. ஆய்வேட்டைப் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தால், அதில் எவ்வளவு வேறு ஆட்களின் எழுத்து என்று கணினி ஒப்பிட்டுச் சொல்லும். நூற்றுக்கு இருபது வீதத்துக்கு மேல் போனால் ஏட்டை ஒப்படைக்க முடியாது.

ஒப்பிட்ட ஏடு அப்போதே கணினியின் சேமிப்பில் சேர்ந்துவிடும். இரண்டு பேர் ஒரே வரியை எழுதியிருந்தால், மாட்டுவது பின்னால் வருபவர்.

முதல் கதிரை எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே மேற்பார்வையாளர். தேயிலைச் சரிவுகளில் மழை எவ்வளவு மண்ணை அள்ளிப்போகிறது என்பதுதான் இருவருக்கும் ஆய்வு. என் கணக்குகள் அக்காவுடையதைவிட நல்லவை. மூன்று மழைக்காலம் வாளி வாளியாகச் சேற்றைக் காயவைத்து நிறுத்தவள் நான்.

ஆனால் ஏட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என் வாக்கியங்களுக்கு மூச்சு வாங்கும். அவற்றின் ஓரத்தில் எங்கள் மேற்பார்வையாளர் சேர் பென்சிலால் கேள்விக்குறி போடுவார்.

அக்காவின் ஏட்டில் ஒரு பந்திக்குப் பக்கத்தில் 'அழகு' என்று எழுதியிருந்தார். அவர் யாருக்கும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

ஒரு மழைத்துளி மண்ணைத் தொடும் கணத்தில் என்ன நடக்கிறது என்று எட்டு வரிகள். எனக்கு அவை மனப்பாடம். பஸ்ஸில் வரும்போது உதட்டை அசைக்காமல் சொல்லிக்கொள்வேன். அவற்றை எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட எனக்கு வயிற்றை எரித்தது.

நானா என் பெயரைக் கூப்பிட்டார். கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தேன்.

"பதினொரு வீதம் மிஸ். பாஸ்," என்று தாள்களைத் தந்தார். "வேற கம்பஸ்ல ஈக்கிற பழைய ஏடெல்லாம் ஸ்கேன் பண்ணிப் போன மாசம்தான் உள்ளுக்குப் போட்ட. அப்பிடியும் பதினொண்டுதான்."

கதிரைக்குத் திரும்பிப் பக்கங்களைப் புரட்டினேன். அட்டவணைகள் வெள்ளை. வேறு ஏடுகளோடு ஒத்துப்போன இடங்கள் மட்டும், அங்கங்கே ஒரு சொல், ஒரு தொடர் மஞ்சள்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எட்டு வரிகள் முழுதாக மஞ்சள்.

அக்காவின் எட்டு வரிகள். அட்டவணைகளைச் சரிபார்க்கச் சொல்லி அவர் டிசம்பரில் தந்த பிரதியிலிருந்து நான் எடுத்தவை. ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தேன். மஞ்சளின் நடுவே அது மட்டும் வெள்ளையாக இருந்தது.

அந்த ஒரு சொல்தான் என்னுடையது.

ஆனால் அக்கா இன்னும் தன்னுடையதைக் கொடுக்கவே இல்லை.

ஒத்துப்போகும் ஏட்டை எழுதியவரின் பெயர் அச்சாகும் ஓரத்தில் பார்த்தேன். எஸ். கஜலட்சுமி. வேறொரு பல்கலைக்கழகம். பன்னிரண்டு வருடங்களுக்கு முந்திய ஏடு.

முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அக்காவின் அந்த அத்தியாயம் முப்பது பக்கம். முப்பது பக்கமும் அதே குரல்.

அவர் பென் டிரைவோடு எழுந்தார்.

"அக்கா, இன்னைக்குக் குடுக்காதீங்க."

"ஏன்டி?"

சொல்வதற்கு என்னிடம் ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொன்னால் நாற்பத்திரண்டாம் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அவர் சிரித்தார். "முதல் ஆளா வந்துட்ட. அது போதாம ரெண்டாவதாக்கூட நான் வரக்கூடாதா? ஆசையப் பாரேன்!"

கொடுத்துவிட்டு அங்கேயே மேசையில் சாய்ந்து நின்றார்.

நான் எழுந்து போயிருக்கலாம். அவருக்கு வரும் தாள்களில் என் பெயரும் இருக்கும்.

போகவில்லை. மேசை ஓரத்தில், வேறு நூலகங்களில் இருக்கும் ஏடுகளைத் தருவிக்கும் படிவங்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து மடியில் வைத்து எழுதத் தொடங்கினேன். ஆசிரியர் பெயர்: எஸ். கஜலட்சுமி.

எட்டு வரியை இப்படி எழுதியவள் மற்றப் பக்கங்களில் என்னவெல்லாம் எழுதியிருப்பாள்? அப்போது அவளுக்கும் என் வயதுதான் இருந்திருக்கும். எனக்குள் எரிந்துகொண்டிருந்தது பக்கத்துக் கதிரையை விட்டுவிட்டு, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.

அச்சு இயந்திரம் நிற்காமல் தாள்களைத் தள்ளியது. நானா குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு தரம் தரலாம் மிஸ். திருத்திக்கிட்டு வாங்க."

அக்கா வந்து உட்கார்ந்தார். கைநிறைய மஞ்சள்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு தாளில் அவருடைய கை நின்றது. அந்தத் தாளின் ஓரத்தில் ஒன்றல்ல, இரண்டு பெயர்கள். இரண்டாவது என்னுடையது.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் என் மடியைப் பார்த்தார். படிவத்தில் நான் எழுதியிருந்த பெயரை வாசிக்க அவருக்கு அதிக நேரம் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அத எடுப்பிக்க வேணாம். எங்கிட்ட இருக்கு."