பலகைக்குள் ஈரம்

'உளுத்திருக்கட்டும். உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கட்டும்.'

உர்சினா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பட்டறை மேசையில் கிடந்த தன் பழைய ஸ்னோபோர்டை, அந்தப் பனிச்சறுக்குப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, துக்கம் விசாரிக்க வந்தவ மாதிரி நிக்குற? உக்காரு" என்றாள் மத்லைனா. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பழைய பலகைகளில் துளை போட்டுப் பித்தளை நட்டு பதித்துக் கொடுக்க அந்தப் பள்ளத்தாக்கில் இப்போது அவள் ஒருத்திதான்.

"செரைனா எப்ப கொண்டுவந்து வச்சா?"

"நேத்து சாயங்காலம்."

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதில் தேறினால் மகள் செரைனாவுக்குக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் விளையாட்டுப் பள்ளியில் இடம். விடுதியில்தான் தங்க வேண்டும். இப்போதெல்லாம் பந்தயத்துக்குப் போகிறவர்கள் பலகைக்கும் பூட்ஸ் கவ்விக்கும் நடுவே ஒரு தகடு மாட்டிக்கொள்கிறார்கள். இறுகிய பனியின் அதிர்வு காலுக்கு ஏறாது. உர்சினா பந்தயம் ஓடிய காலத்துப் பலகையில் அந்தத் தகட்டைத் திருகுவதற்கு இடமே கிடையாது. புதிதாகத் துளை போட்டு, பசை விட்டு, நட்டுகளைப் பதிக்க வேண்டும். உள்ளே மரம் திடமாக இருந்தால்தான் அவை நிற்கும்.

பரணிலிருந்து பலகையை இறக்கியது உர்சினாதான். பயிற்சியாளர் நீளமான பலகை வேண்டுமென்றபோது, "என்னோடது இருக்கே!" என்று துள்ளிக்கொண்டு சொன்னதும் அவள்தான். மகள் எதிரே முகம் வாடிவிடக் கூடாதே என்று அளவுக்கு மீறிச் சிரித்தாள். ரொட்டிக்கடையில், தபால் பஸ்ஸில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். செரைனாவும் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியுமுன் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்க்கிறாள். பந்தயத் துடிப்பு, இந்த வயதில் எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று உர்சினா நினைத்துக்கொண்டாள். நினைக்கும்போதே சமையலறை மேசையில் ஒற்றைத் தட்டு மட்டும் இருப்பது போலத் தெரிந்தது.

"மரம் எப்படி இருக்கு?"

"மரத்துக்கென்ன? வைரம் பாஞ்ச கட்டை."

"இன்னும் துளையே போடலையே. அதுக்குள்ள எப்படித் தெரியும்?"

"ஓரத்துல ஒண்ணு போட்டுப் பார்த்துட்டேன். தூள் வெள்ளை வெளேர்னு வந்துச்சு. உளுத்ததுன்னா கறுப்பா, பிசுபிசுன்னு வரும்." மத்லைனா டிரில் அலகில் ஆழத்துக்கு அடையாளமாகச் சுற்றியிருந்த நாடாவைச் சரிசெய்தாள். "ஆனா ஒண்ணு. பழைய திருகு ஓட்டையில எல்லாம் ஈரம். மேல்தோல் கூட லேசா உப்பியிருக்கு. உங்க பரண் ஒழுகுதா?"

உர்சினாவின் காது மடல்கள் சூடேறின.

"ஒழுகலை."

"அப்புறம்?"

"நான்தான் ஊத்தினேன்."

"எதை?"

"தண்ணி. அவ குளிக்கப் போனப்ப. டீ ஸ்பூனால."

மத்லைனா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். இதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறதென்று உர்சினாவுக்குப் புரியவில்லை.

"அடிப்பாவி! நீ சுடுற வால்நட் கேக்கே ஒரு மாசம் கெடாம இருக்கும். மரம் ஒரு வாரத்துல உளுத்துடுமா?"

"சிரிக்காதடி. எனக்கு வேற வழி தெரியலை."

குரல் உடைந்ததும் மத்லைனாவின் சிரிப்பு நின்றது.

"அவ போயிட்டா அந்த வீட்ல நான் யாரோட பேசுவேன்?" என்றாள் உர்சினா. "சுவத்தோடயா? அதுக்காகப் போகாதேன்னு சொல்ல முடியுமா? சொன்னா நின்னுடுவா. அந்த ஆசையைக் கொன்னவ நான்னு தினமும் அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு நான் எப்படி இருக்கிறது? நீ சொன்னா பழி மரத்து மேல போயிடும். மரம் உளுத்துப் போச்சு, நட்டு நிக்காதுன்னு ஒரு வார்த்தை. உன் பேச்சை நம்புவா."

சொல்லி முடித்ததும் தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மகள் மீது தனக்கிருந்தது பாசமா, பயமா என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை.

மத்லைனா பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்போரம் சாய்த்து வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, தோழியின் தோளில் வைத்தாள்.

"மாட்டேன், உர்சினா."

"ஒரே ஒரு பொய். எனக்காக."

"நேத்து இந்த ஸ்டூல்ல உக்காந்து, 'மரம் உளுத்துப் போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, எனக்கு அவங்களை விட்டுப் போக மனசில்ல, ஆனா அவங்க ஆசையா இறக்கின பலகையாச்சே, வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது'ன்னு உன் பொண்ணு அழுதா. பாதி ஈரம் அவ ஊத்தினதுதான்டி, மீதி எங்கேருந்துன்னு தெரியாமத்தான் பரணைப் பத்திக் கேட்டேன்" என்றாள் மத்லைனா. "அவகிட்டயும் மாட்டேன்னுதான் சொல்லி அனுப்பினேன்."