மூன்றாவது வரிசை

"கரண்டு ஆபீஸ்காரனுங்களுக்குப் பொறுப்பே கிடையாதுலா. இந்நேரம் எங்கயாவது உக்காந்து தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருப்பானுங்க."

கார்க் கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு அப்பளசாமி இதைச் சொன்னபோது காலை மணி பத்து. ஜெராம் சாலை பெட்ரோல் ஸ்டேஷன் வரிசையில் அவர்தான் முதல் ஆள். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் என்றால் எதிலும் முதல் ஆளாகத்தானே இருக்க வேண்டும்.

விடியற்காலைக் காற்றில், ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மரம் மின்கம்பிமேல் விழுந்து ரோட்டையும் அடைத்துக்கொண்டது. ஒரே ஒரு மரம்தான். கரண்டு போயிற்று. கரண்டு இல்லாமல் பம்ப் நின்று குழாய்த் தண்ணீர் போயிற்று. எட்டரைக்கெல்லாம் டவர் பேட்டரி தீர்ந்து கைப்பேசிகளும் ஊமையாயின. அவ்வளவுக்குப் பிறகும் மிச்சமிருந்தது மனிதர்களின் புத்தி ஒன்றுதான். அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு எல்லோரும் பெட்ரோல் ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்திருந்தார்கள்.

பொய் சொல்லக் கூடாது, அப்பளசாமிக்கு உண்மையிலேயே அவசரம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவருடைய இறால் குளம். தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டார் நின்றுபோனால் இறால்களுக்கு மூச்சு முட்டும். நாலு மாத வளர்ப்பு, அடுத்த வாரம் பிடிக்க வேண்டியது. மைத்துனரிடம் இரவல் வாங்கிய ஜெனரேட்டர் குளக்கரையில் தயாராக நின்றது. அதில் ஊற்ற பெட்ரோல் எண்ணெய்தான் இல்லை.

எண்ணெய் ஸ்டேஷனில் இருந்தது, தரைக்கடியில் தொட்டி நிறைய. மேலே ஏற்றத்தான் கரண்டு இல்லை. ஸ்டேஷனுக்கென்று ஒரு ஜெனரேட்டர் இல்லையா என்று அப்பளசாமி அதட்டினார். இருக்கிறது, அதில் ஊற்ற வேண்டிய எண்ணெயும் அதே தொட்டியில்தான் கிடக்கிறது என்றார் கவுண்டரில் இருந்த புனிதவதி. கரண்டு வந்ததும் வாருங்கள், இப்போது வீட்டுக்குப் போங்கள் என்று நல்ல விதமாகவும் சொல்லிப் பார்த்தார்.

யார் போவார்கள்? கரண்டு வரட்டும், எண்ணெய் வாங்கிக்கொண்டே போவோம் என்று அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கரண்டே வந்துவிட்டால் அப்புறம் எண்ணெய் எதற்கு என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் சேர்ந்தால் தலைவருக்குக் கை சும்மா இருக்காது. ஒன்பது மணி ஆகும் முன்பே அப்பளசாமி இறங்கிப் போய் ஒழுங்குபடுத்தியிருந்தார். ரோட்டோரத்தில் ஒரு வரிசை, ரோட்டில் ஒரு வரிசை. வண்டிகள் இன்னும் வரவர, எதிர்ப்பக்கத்தில் மூன்றாவது வரிசை. மரம் விழுந்து கிடக்கிற ரோட்டில் எதிரே எவன் வரப்போகிறான்?

"கேப் விடாதீங்க, எவனையும் உள்ள நுழைய விடாதீங்க. நான் சொல்லாம ஒரு வண்டியும் நகரக் கூடாது," என்று கடைசி வண்டிவரை நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார். இப்படி ஒரு ஆள் கரண்டு ஆபீசில் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும் என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். அவரும் மறுக்கவில்லை.

பத்தரைக்கு அவர் மனைவி கண்மணி குறுக்குச் சந்து வழியாக ஓடி வந்தாள். இறால்கள் மேலே வந்து கரையோரமாக ஒதுங்குகின்றனவாம். தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் கலக்கிப் பார்த்தாளாம், ஒற்றை ஆளாக முடியவில்லையாம்.

"வாங்க, ரெண்டு பேருமா கலக்கிவிடுவோம். பாதியாவது பொழைக்கும்."

"நான் வந்துட்டா இந்த எடம் போயிரும்லா. மொத ஆளு நானு."

கண்மணி ஓடாத பம்பைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பி ஓடினாள். பெண்களுக்குப் பொறுமையே கிடையாது என்று அப்பளசாமி பக்கத்து வண்டிக்காரரிடம் வருத்தப்பட்டார்.

பன்னிரண்டு மணி வாக்கில், தலையில் ஹெல்மெட்டும் காலில் சேறு அப்பிய பூட்சுமாக ஒருவன் பின்னாலிருந்து வரிசையைத் தாண்டி நடந்து வந்தான். நேராக அப்பளசாமியிடம் வந்து, பேர் தேவன் என்றான். எதிர்ப்பக்கத்து வண்டிகளை மட்டும் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று பணிவாகவே கேட்டான்.

அப்பளசாமி காரைவிட்டு இறங்கினார். இதற்காகத்தானே காலையிலிருந்து காத்திருந்தார்.

"இங்க எல்லாருக்கும் அவசரந்தான் தேவன். என்னோட நாலு மாச உழைப்பு அங்க செத்துக்கிட்டு இருக்கு. நானே முறையா லைன்ல நிக்கிறேன். பேசாம பின்னால போயி நில்லு."

கைதட்டல் கிளம்பியது. யாரோ விசில்கூட அடித்தார்கள்.

தேவன் அது ஓயும்வரை பொறுத்திருந்தான்.

"பின்னாலதாண்ணே நிக்கிறோம், ஒம்பது மணியிலேருந்து. மரத்த வெட்டி வயர இழுத்துக் கட்டப் போற லோரி எங்களோடது. ஒவ்வொரு வண்டியாக் கெஞ்சிப் பாத்துட்டேன். தலைவர் சொல்லாம நகர மாட்டோங்கிறாங்க. ஒரு மணி நேர வேலைண்ணே."

தட்டிய கைகள் அப்படியே நின்றன. அப்பளசாமி கைவிரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். ஒன்பதும் ஒன்றும் பத்து. பத்து மணிக்கு இறால்கள் மேலே வந்திருக்கவில்லை. அடுத்த நிமிடம் ரோட்டின் நடுவே ஓடி, லோரிக்கு வழி விடுங்கள், ஒதுங்குங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாத குறையாகப் பின்வாங்கின.

அப்போதுதான் சந்தின் முனையில் கண்மணி தெரிந்தாள். தோள்வரை நனைந்திருந்தாள். இந்த முறை ஓடி வரவில்லை, நடந்தே வந்தாள். புருஷன் பக்கம் திரும்பாமல் தேவனிடம் சொன்னாள்:

"மெதுவாவே போங்க தம்பி. எங்களுக்கு இனிமே அவசரம் இல்ல."