தொடுதிரையில் ஒரு கை

வகுப்பறைக்குத் தொடுதிரைப் பலகை வந்த அன்று பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சருக்கும்தான்; அதைக் கேட்டு மேலிடத்துக்கு நடையாய் நடந்தவர் அவர். விரல் பட்ட இடமெல்லாம் நிறம் பூத்தது.

"போதும், எல்லாரும் போய் உக்காருங்க."

எல்லோரும் உட்கார்ந்த பிறகும் திரையில் ஒரு சின்னக் கை நீலமாகப் பதிந்து நின்றது. டீச்சர் அழித்தார். அது நகர்ந்து வேறிடத்தில் பதிந்தது. சுவிட்சை அணைத்தார். அப்போதும் தெரிந்தது.

முன்வரிசைச் சிறுமி ஓடிப்போய்த் தன் கையை அதன்மேல் வைத்தாள்.

"டீச்சர், சூடா இருக்கு!" என்றவள், திரையில் காதையும் ஒட்டிவைத்துக் கேட்டாள். "வெளிய வரட்டுமான்னு கேக்குது."

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

"வா! வா!"