மூன்று வருட இடைவெளி

பூங்கோதை மூன்று வருடம் வேலைக்குப் போகவில்லை. புற்றுநோய் வந்த மகன் பரிதியின் அருகிலேயே இருந்தாள். போன தை மாதம் அவன் இறந்துவிட்டான். இப்போது ஒரு மருந்துக் கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறாள். வீட்டுக் கேமராவின் பதிவுகளைப் பார்த்து, வேலை தேடித் தரும் செயலியே விண்ணப்பக் கடிதத்தை எழுதியிருந்தது: "மகன் இறந்தபோதும் நிதானம் இழக்கவில்லை. பதினோரு நிமிடத்தில் உறவினர் அனைவருக்கும் தகவல் சொன்னேன்."

அந்த வரிகளை அழித்தாள். வேலை கிடைக்கும் வாய்ப்பு தொண்ணூறிலிருந்து ஆறு சதவீதத்துக்கு இறங்கியதாகத் திரை காட்டியது.

"அந்த வரி இருந்துட்டுப் போகட்டும் கோதை, பொய் இல்லையே" என்றான் கணவன்.

"அவன் சாவை வெச்சு வேலை கேக்க என்னால முடியாதுங்க."

'மூன்று வருடம் என் மகனோடு இருந்தேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். மறுநொடியே நிராகரிப்பு வந்தது. கணவன் அவள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு, மகன் போனபின் முதன்முறையாக, வாய்விட்டு அழுதான்.