பிரிக்காத பெட்டி

அப்பா வெளிநாட்டிலிருந்து இரண்டு பொம்மை ரயில்கள் வாங்கிவந்தார். அண்ணனுடையது அன்றைக்கே கூடம் முழுக்க ஓடியது. என்னுடையதை, "பொம்பளப்புள்ள, ஒடச்சிருவா" என்று பெட்டியோடு ஷோகேஸில் வைத்துப் பூட்டினார். கண்ணாடிக்கு வெளியே நின்று நின்றே எனக்குக் கல்யாண வயது வந்துவிட்டது.

ரயில் வந்து நாற்பத்தைந்து வருடம் கழித்து அண்ணன் தன் ரயிலைப் பழுதுபார்க்க உட்கார்ந்தான். எஞ்சினுக்குள் நகமளவு பிளாஸ்டிக் கியர் ஒன்று வெடித்திருந்தது. மாற்றுக் கியர் எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம். அப்பாவுக்குப் பிறகு ஷோகேஸ் சாவி அவனிடம்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"ஒன்னோடதுல இருந்து எடுத்துக்கிடுதேன் சொர்ணா. நீ அத வச்சு வெளாடவா போற?"

சாவியைப் பிடுங்கினேன். பெட்டியை நானே பிரித்தேன். மேலே படத்தில் சிவப்பாக இருந்த எஞ்சின் உள்ளே பச்சையாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்கு அது தெரிகிறது.

அண்ணன் திருப்புளியால் அடிப்பக்கத்தைக் கழற்றினான். இதிலும் கியர் அதே இடத்தில் வெடித்துக் கிடந்தது.

"ஒரு நாள்கூட ஓடலியே. எப்படி ஒடஞ்சிது?"

"அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் அப்படித்தான். ஓட்டினாலும் ஓட்டாட்டாலும் தானா வெடிச்சிரும்" என்றபடி அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப்போனான். அவன் கையைப் பிடித்தேன்.

"தண்டவாளத்தப் போடு. அப்பா போட்டோவுக்கு நேரா போடு."

"ஏளா, கியர் இல்லாம ஓடாது."

"கையால தள்ளுதேன்" என்று முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தேன்.