செல்லாத கை

"அவர் எங்க தூக்கினார்? அந்தப் பொண்ணுல்ல தூக்கிவிட்டா! இந்தக் கை செல்லாது!" என்று கத்தினார் ட்யூஷன் டீச்சர்.

"யார் தூக்கினா என்ன? என் பிள்ளை கை மேல போச்சா, இல்லையா?" என்று அதற்கு மேல் கத்தினார் இரண்டாம் மாடி அம்மா.

எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில்தான் கூட்டம். நல்ல இடமாகப் பார்த்து நான் முன்னமே நாற்காலி போட்டிருந்தேன்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே இரண்டாம் மாடி அம்மாதான். கீழ் வீட்டில் தனியாக இருந்து வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிப் பெண் காலி செய்துகொண்டு போக வேண்டும்.

தோள் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அங்கே போடும் "ஐயோ, அம்மா"வில் சீரியல் வசனம் காதில் விழவில்லையாம்.

இந்தப் புகாரைச் சொல்ல ஒருநாள் விடாமல் மகனைத்தான் கீழே அனுப்புவார். கல்யாணம் என்றாலே பேச்சை மாற்றிவிடும் மகன், முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு போய்ப் புகார் சொல்வார். திரும்பி வர நேரமாகும்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு. இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது. அப்படியே நின்றால் தீர்மானம் விழுந்துவிடும். இரண்டாம் மாடி வீடு மகன் பேரில்; மீதி இருந்தது அவர் கை மட்டும்.

அம்மா முறைத்தார். மகன் வலது கையைத் தூக்கினார்.

தோள் உயரத்துக்கு வந்ததும் "ஸ்ஸ்" என்று நின்றுவிட்டது. பஸ் கம்பியில் தொங்கித் தொங்கியே கெட்டுப்போன தோள்.

"இன்னொரு கையைத்தான் தூக்கேன் தம்பி," என்றார் எண்ணிக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் மாமா.

"நாலு பேர் நடுவுல இடது கையா? வலது கைதான்!" என்று அம்மா ஒரே போடாகப் போட்டார்.

மகன் மறுபடி முயன்றார். முகம் கோணியது.

எதிரில் ஒருவர் வலியில் முகம் சுளித்தால் அந்தப் பெண்ணுக்குக் கை சும்மா இருக்காது. ஓரமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். அவர் தோளுக்குப் பின்னால் இருக்கும் பட்டை எலும்பில் ஓர் உள்ளங்கையை வைத்து, அது திரும்பும் பக்கமே மெல்லத் தள்ளிக்கொடுத்தாள். மறு கையால் அவர் முழங்கையைத் தாங்கினாள்.

கை பட்டம் போல ஏறியது. ஏறிக் காதோரம் போய் நின்றது.

"வலிக்கவே இல்லைங்க!" என்றார் மகன், வாயெல்லாம் பல்லாக.

"ஒண்ணு கூடிப்போச்சு! தீர்மானம் பாஸ்!" என்றார் மாமா.

தன்னைக் காலி செய்யும் ஓட்டைத் தானே தூக்கி நிறுத்தியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அங்கே ஆரம்பித்ததுதான் இந்தச் சண்டை.

இத்தனை கூச்சலிலும் அந்தக் கை இறங்கவில்லை. அவளும் விடவில்லை. எல்லாரும் டீச்சரையும் அம்மாவையும் பார்த்தார்கள். நான் இவர்களைப் பார்த்தேன்.

"வேணும்னா என் பிள்ளை தனியா தூக்கிக் காட்டட்டும்! அவனுக்கென்ன தெம்பா இல்லை?" என்று சவால் விட்டார் அம்மா.

பெண் கையை எடுத்தாள். மகன் தனியாகத் தூக்கினார். தோள் உயரம். "ஸ்ஸ்."

கார் நிறுத்துமிடமே அதிரச் சிரித்தோம். தீர்மானம் விழுந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட அம்மா விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார். அவரைப் போல நடித்துக் காட்டியே எனக்கு ஒரு வாரம் பொழுது போயிற்று.

அதன் பிறகு மகன் புகார் இல்லாமலேயே கீழே போனார், வைத்தியத்துக்கு. தோள் குணமாகியும் போவது நிற்கவில்லை.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மாப்பிள்ளை பேனாவை இடது கையில் வாங்கிச் சரசரவென்று கையெழுத்துப் போட்டார்.

அவர் வீட்டுக் கொடியில் என்றைக்கு எந்தச் சட்டை காய்கிறது என்பதுவரை தெரிந்த எனக்கு, இது தெரியாமல் போயிற்றே!

அன்று "வலது கைதான்" என்று அடம்பிடித்த அம்மா பக்கத்தில்தான் நின்றார்; திரும்பிப் பார்த்தேன்.

"பொறந்ததுலேர்ந்தே அவனுக்கு எல்லாம் இடது கைதான்," என்றார், புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி.

கடைசியில் அந்த அம்மா காலி செய்யவைத்தது தன் மகனைத்தான். அன்று மாலையே மாப்பிள்ளை பெட்டியோடு இரண்டு மாடி இறங்கி, கீழ் வீட்டுக்குக் குடிபோனார்.